மார்ஜரி பென்விலுக்குக் கண்ணீர் அஞ்சலி

மார்ஜரி பென்வில் செத்துப்போன செய்தியை குணசேகர் ஆபீஸ் பஸ்ஸில் படித்தான். லண்டன் பத்திரிகை ஒன்றில் நாலு வரி போட்டிருந்தார்கள். வயது தொண்ணூற்றொன்று. அறுபதுகளில் ஆறு ரத்தக்காட்டேரிப் படங்களில் நடித்தவள். ஆறிலும் வேலைக்காரி. கோட்டைக் கதவைத் திறந்து, "பிரபு உங்களுக்காகக் காத்திருக்கிறார்" என்பாள். அரைமணி கழித்து கழுத்தில் இரண்டு ஓட்டையோடு கிடப்பாள். அந்தப் படக் கம்பெனி நொடித்துப்போன பிறகு முப்பது வருஷம் ஒரு ரொட்டிக் கடையில் வேலை பார்த்தாளாம்.

வீட்டுக்கு வந்து எலிசபெத்தின் நோட்டை எடுத்தான். நாற்பத்திரண்டு நடிகர்களின் பெயர்கள், நாற்பத்தொன்றின் மேல் கோடு. மிச்சமிருந்ததையும் அடித்தான்.

எலிசபெத் அவன் மனைவி. இறந்து எட்டு மாதம். முப்பத்தோரு வயதில் மூளையில் ரத்தக்கசிவு. மூன்று நாள் ஆஸ்பத்திரி, அவ்வளவுதான். தங்கவயலில் பிறந்தவள். சுரங்கத் தொழிலாளிகளின் கொட்டகையில் அவள் அப்பா பார்த்த இங்கிலீஷ் பேய்ப் படங்களைத் தேடித் தேடிச் சேர்த்தாள். ஜோகுபாளையம் குடியிருப்போர் மன்றத்தில் அதற்கென்று ஒரு க்ளப் ஆரம்பித்தாள். அந்தப் படங்களில் தலைகாட்டிய யார் இறந்தாலும் மாதக் கடைசி ஞாயிறு அவர் படம். மௌன அஞ்சலி கிடையாது. இறந்தவர் திரையில் வந்ததும் விசிலடிக்க வேண்டும், காகிதம் கிழித்துப் போட வேண்டும். "ஹீரோவுக்குப் பேப்பர்ல அரைப் பக்கம் போட்டாச்சு. கதவு திறந்தவளுக்கு நம்மள விட்டா யாரு?" என்பாள்.

மன்றச் செயலாளர் பக்தவச்சலத்துக்கு இதெல்லாம் அலுத்துவிட்டது.

"லிஸ்ட் முடிஞ்சிடுச்சில்ல தம்பி? அப்புறம் க்ளப் எதுக்கு? ஹாலை யோகா க்ளாஸுக்குக் கேக்கறாங்க."

"இந்த ஞாயிறு படம் போடணும் சார்."

"போன மாசம் யார் வந்தா? நீ, ப்ரொஜெக்டர், ஃபேன். ஃபேனும் பாதியில நின்னுடுச்சு." சிரித்தார். "முப்பது பேரைக் கூட்டிக் காட்டு, பேசலாம். இல்லன்னா ஹாலை விட்டுடு."

வாட்ஸப்பில் மிச்சமிருந்தவர்கள் பன்னிரண்டு பேர். பத்துப் பேர் கைகூப்பும் பொம்மை அனுப்பினார்கள். குணசேகர் சிவாஜிநகர் அச்சகத்துக்குப் போனான். மார்ஜரியின் படத்தைக் கொடுத்து, 'மார்ஜரி பென்விலுக்கு அஞ்சலி, ஞாயிறு மாலை நாலு மணி, ஜோகுபாளையம் மன்றம்' என்று எழுதிக் கொடுத்தான். க்ளப்புக்குள் எப்போதும் அப்படித்தான் எழுதுவது. அஞ்சலி என்றால் படம் என்று பன்னிரண்டு பேருக்கும் தெரியும். அச்சகக்காரர் தன் வழக்கப்படி மேலே 'கண்ணீர்' சேர்த்து, சுற்றிலும் கறுப்புக் கட்டம் போட்டு, தோற்றம், மறைவு எல்லாம் ஒழுங்காக அடித்துத் தந்தார். குணசேகர் சரிபார்க்கவில்லை. விடியற்காலையில் ஐம்பது போஸ்டரையும் தெருச் சுவர்களில் அவனே ஒட்டினான்.

சனிக்கிழமை மாமியார் ஞானம்மாள் நீலசந்திராவிலிருந்து ஆட்டோவில் வந்து இறங்கினாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"எவளோ வெள்ளைக்காரிக்குத் தெருவெல்லாம் ஒட்டியிருக்கீங்களே மாப்ள. என் பொண்ணு செத்தப்ப ஒண்ணு ஒட்டினீங்களா?"

"இல்ல அத்தை."

"ஏன்?"

"அவ மூஞ்சிய செவுத்துல பாத்துக்கிட்டு நான் எப்படி பஸ்ஸுக்குப் போவேன்?"

ஞானம்மாள் செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டாள். பிறகு, "நாளைக்கு எத்தனை மணிக்கு?" என்று மட்டும் கேட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மூன்றரைக்கே கூட்டம் வரத் தொடங்கியது. குணசேகருக்கு முதலில் புரியவில்லை. வந்தவர்கள் கையில் மாலை இருந்தது. இரண்டு பேர் ஊதுவத்திக் கட்டோடு வந்தார்கள். பால் பூத் நடத்தும் மரகதம் சம்பங்கி மாலையை அணைத்துக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்தாள்.

"பாடி எங்கப்பா வச்சிருக்கீங்க?"

"லண்டன்ல."

"ஃப்ளைட்ல வருதா?"

"வராதுக்கா."

"நம்ம மார்ஜரி டீச்சர் எப்ப லண்டன் போச்சு? எனக்கு நாலாங் கிளாஸ் கணக்கு எடுத்ததே அதுதான்."

அப்போதுதான் அவனுக்கு உறைத்தது: போஸ்டரில் பெயரைப் பார்த்து, பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்த ஆங்கிலோ இந்திய டீச்சர் செத்துவிட்டதாக நினைத்து வந்திருக்கிறார்கள். மேடையில் ஏறினான். இறந்தவள் டீச்சர் இல்லை, சினிமாவில் வேலைக்காரியாக நடித்தவள், இந்தத் தெருவைப் பார்த்ததே இல்லை, தப்பு என்னுடையது, போகிறவர்கள் போகலாம் என்றான். பத்துப் பேர் திட்டிக்கொண்டே எழுந்து போனார்கள். ஊதுவத்திக்காரர் ஒருவர் ஊதுவத்தியைத் திரும்ப எடுத்துக்கொண்டார். மரகதம் நகரவில்லை.

"அந்தம்மாவுக்கு வசனம் இருக்கா?"

"ஒரே ஒரு வசனம்."

"அதைக் கேட்டுட்டுப் போறேன். மாலை வாங்கியாச்சு, இனி டீச்சருக்கா போட முடியும்? அது எங்கியோ உயிரோட இருக்குது."

யாரோ சிரித்தார்கள். நாற்காலிகள் இழுபட்டன. முன்வரிசையில் ஞானம்மாள் கைப்பையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். குணசேகர் எண்ணினான். முப்பத்தி நாலு. விளக்கை அணைத்துப் படத்தைப் போட்டான்.

பக்தவச்சலம் சுவிட்ச் போர்டுப் பக்கம் வந்தார். "பேடா தம்பி, வம்பு வேண்டாம். சாவு வீடுன்னு நெனச்சு வந்த கூட்டம். இது சேராது."

குணசேகர் போர்டை மறைத்து நின்றான். "இந்த க்ளப்புக்கு யார் சார் வேற எதுக்கு வந்தாங்க? எல்லாரும் சாவுக்குத்தான் வந்தாங்க. முப்பது கேட்டீங்க, முப்பத்தி நாலு இருக்கு."

"சரிப்பா, வந்தாங்க. லிஸ்ட் தீர்ந்துபோச்சே. அடுத்த மாசம் யாருக்குப் போடுவே?"

திரையில் பெயர்கள் ஓடிக்கொண்டிருந்தன. சிவப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து. இத்தனை தடவையும் எலிசபெத் நடிகர்களின் பெயர்களை மட்டுமே குறித்திருந்தாள். மற்றவற்றை அவனும் படித்ததில்லை. இப்போது படித்தான். சத்தமாகவே படித்தான்.

"மேக்கப் போட்டவர். அந்தக் கோட்டையை அட்டையில கட்டினவர். ஏழு படத்துக்கு அதே மாடிப்படியைப் பெயின்ட் மாத்திக் காட்டியிருக்கார் சார், அவர் பேர் இதோ. துணி தைச்சவங்க. எடிட்டர். இவங்க இருக்காங்களா, செத்தாங்களா, யாருக்கும் தெரியாது. ஒவ்வொருத்தரா விசாரிக்கணும்."

"அதுக்கு வருஷம் ஆகும்."

"ஆகட்டும்."

"சும்மா பிடிவாதம் பண்றே. அந்தப் பொண்ணே போயிடுச்சு."

"அதனாலதான் சார் நான் நிக்கிறேன்."

கோட்டைக் கதவு கிரீச்சிட்டுத் திறந்தது. மெழுகுவத்தியோடு மார்ஜரி நின்றாள். முப்பத்திரண்டு வயது, தலையில் வெள்ளைத் தொப்பி. இருட்டில் முன்வரிசையிலிருந்து விசில் கிளம்பியது. நீளமாக, சுரங்கத்துச் சங்கு மாதிரி. ஞானம்மாள் வாயிலிருந்து இரண்டு விரலை எடுத்துப் புடவையில் துடைத்துக்கொண்டாள். மரகதம் எழுந்து போய்த் திரைக்குக் கீழே மாலையை வைத்துவிட்டு வந்தாள்.

"உக்காரு மரகதம், மறைக்குது," என்றார் பக்தவச்சலம் தன்னையறியாமல்.

பிறகு குரலைத் தாழ்த்தி, "யோகாக்காரங்களுக்கு நான் என்ன பதில் சொல்றது?" என்றார்.

"காலையில வரச் சொல்லுங்க," என்றான் குணசேகர், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.