பதினான்காம் கட்டிலின் நோய்

காலை ஏழு மணிக்கே மூன்று வேன்கள் வந்து நின்றன. கடலூர்க் கரையோரக் குப்பங்களிலிருந்து கூலி பேசி ஏற்றி வந்த ஆட்களை, சிதம்பரம் சாலையிலிருந்த அந்தத் தனியார் மருத்துவக் கல்லூரியின் காலி வார்டுகளில் படுக்கவைத்தார்கள். 2008-ஆம் ஆண்டு அது. நோயாளிகள் போதவில்லை என்று கல்லூரிக்கு மருத்துவக் கவுன்சில் ஓராண்டுக் கெடு விதித்திருந்தது. அன்று மறு ஆய்வு. தேறாவிட்டால் அங்கீகாரம் போய்விடும். இறுதியாண்டு மாணவி சகாய பிரியாவின் பட்டமும் கூடவே போய்விடும்.

பெண்கள் வார்டு அவள் பொறுப்பு. இருபது கட்டில்களுக்கு இருபது நோய்களைப் பிரித்து, முந்தின நாளே கேஸ் ஷீட் எழுதியிருந்தாள். இரண்டு முறை சரிபார்த்தும், எங்கோ தப்பு விட்டிருப்போம் என்ற பயம் தீரவில்லை.

பதினான்காம் கட்டிலில் செல்லாயி. மீன்கூடை சுமப்பவள்.

"இன்னா பாப்பா, எனக்கு இன்னா நோவு குடுத்துருக்க?"

"ஆஸ்துமா, ஆயா. மூச்சு வாங்குதுன்னு சொன்னா போதும்."

பக்கத்துக் கட்டில் ரத்தினம்மாள் எட்டிப் பார்த்தாள். "உனக்குப் பரவால்லடி. எனக்கு மஞ்சக்காமாலையாம். மஞ்சா தேச்சிக் குளிச்சிட்டு வந்துட்டன், போதுமா பாப்பா?"

வார்டே சிரித்தது. பிரியாவும் சிரித்தாள்.

பத்தரை மணிக்கு, ஆய்வுக் குழு மாடிப்படி ஏறும் சத்தம் கேட்டபோது, செல்லாயி பிரியாவின் மணிக்கட்டைப் பிடித்தாள். உள்ளங்கை வியர்த்திருந்தது.

"பாப்பா, நெஞ்ச அடைக்கிற மாதிரி கீது. எடது கை இழுக்குது."

பிரியா ஷீட்டைப் பார்த்தாள். "அதெல்லாம் சொல்லாதீங்க ஆயா. அது மூணாம் கட்டில்காரம்மாவோடது. உங்களுக்கு மூச்சு மட்டும்தான்."

"நெசமாத்தான் சொல்றன்."

"மூஞ்சிய இப்படியே வச்சிக்குங்க. நல்லா நடிக்கிறீங்க."

குழு வந்தது. செல்லாயி சொன்ன பேச்சைக் கேட்டாள். "மூச்சு வாங்குதுங்க" என்றாள், மூச்சு வாங்கியபடியே. வந்தவர் ஷீட்டைப் புரட்டி, "நல்லா எழுதியிருக்கியேம்மா" என்று பிரியாவைப் பாராட்டிவிட்டு அடுத்த கட்டிலுக்கு நகர்ந்தார்.

ஒரு மணிக்குக் குழு கிளம்பியதும் பிரியாணிப் பொட்டலங்கள் வந்தன. நோயாளிகள் எல்லோரும் எழுந்து வரிசையில் நின்றார்கள். செல்லாயி மட்டும் எழுந்திருக்கவில்லை.

"ஏய், ஆட்டம் முடிஞ்சிபோச்சி, எந்திரிடி" என்று ரத்தினம்மாள் தோளை உலுக்கினாள். உலுக்கிய கையைச் சட்டென்று எடுத்துக்கொண்டாள்.

கெடு நீங்கியது. விடுதியில் வெடி வெடித்தார்கள். அன்றிலிருந்து பிரியாவுக்கு, யாருடைய நாடியைத் தொட்டாலும் தன் மணிக்கட்டில் அந்த ஈரமான பிடி இறுகியது. எதிரே யாராவது வலி என்று சொன்னால், யார் சொல்லிக்கொடுத்தார்களோ என்றுதான் முதலில் தோன்றியது. அப்படித் தோன்றியதே அவளை நடுங்கவைத்தது.

மூன்றாம் வாரம் செல்லாயியின் மகள் சௌந்தரம், அம்மா எதனால் செத்தாள் என்று கேட்டு வந்தாள். பேராசிரியர் ஜேக்கப் பிரியாவையும் அறைக்குக் கூப்பிட்டு, அந்த ஷீட்டை மேசைமேல் வைத்தார்.

"நாள்பட்ட ஆஸ்துமாம்மா. எங்களால முடிஞ்சதப் பாத்தோம்."

"எங்கம்மாவுக்கு ஆஸ்துமாவா? அவ்ளோ பெரிய கூடையத் தூக்கிக்கினு தெருத்தெருவா நடந்தவங்க சார் அவுங்க."

"இந்தப் பொண்ணுதான் பாத்தது. சொல்லும்மா பிரியா."

பிரியா மேசைமேலிருந்த ஷீட்டைக் கையில் எடுத்தாள். ஒரு தலையசைப்பு போதும்; பட்டம் பத்திரமாக இருக்கும்.

"ஆஸ்துமா இல்லக்கா. அது நான் இட்டுக்கட்டி எழுதுனது. நெஞ்ச அடைக்குதுன்னு எங்கிட்டதான் சொன்னாங்க. ஷீட்ல இல்லாததச் சொல்லாதீங்கன்னு நான்தான் வாய அடைச்சேன்."

"பிரியா! நூறு பசங்க வாழ்க்கை இது!"

"தெரியும் சார். அதுல என்னுதும் இருக்கு."

ஷீட்டின் பின்பக்கத்தில் நடந்ததை நேரத்தோடு எழுதினாள். கையெழுத்துப் போட்டு சௌந்தரத்திடம் நீட்டினாள். "எங்க வேணும்னாலும் கொண்டு போய்க் குடுங்கக்கா."

சௌந்தரம் அதைப் படிக்கவில்லை. "சுத்தி அத்தினி டாக்டருங்க இருந்தீங்களே. ஒருத்தர் கண்ணுக்குக் கூடவா எங்கம்மா நெசமான மனுசியாத் தெரியல?"

பிரியா பேராசிரியர் பக்கம் திரும்பினாள்.

"பொய் நோயாளிய வச்சி அங்கீகாரம் வாங்கிடலாம் சார். ஆனா, நெசமா வலிக்குதுன்னு ஒருத்தர் சொன்னா நம்பத் தெரியாத டாக்டருங்கதான் இங்கருந்து வெளிய போவாங்க. மொத ஆளு நான்தான்."