ஒருவருக்கான கேக்

என் அத்தானுக்குச் சமையலறைக்குப் போகும் வழி தெரியாது என்று யாராவது சொன்னால் அது அவதூறு. வழி நன்றாகத் தெரியும். கல்யாணமான நாளிலிருந்து தினமும் அதன் வாசல்வரை போய் நின்று, "காபி ஆச்சா?" என்று கேட்டுவிட்டுத் திரும்பியிருக்கிறார். உள்ளே காலெடுத்து வைத்ததில்லை, அவ்வளவுதான்.

குழாய் செய்யும் தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவுக்குத் தலைவராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றது அவருக்கு மட்டும் இன்னும் தெரிவிக்கப்படவில்லை. குடியிருப்பில் எல்லாரும் 'ஜி.எம்.' என்றே கூப்பிடுகிறார்கள். வேறு மாதிரி கூப்பிட்டால் அவருக்குக் காது கேட்பதில்லை. லிஃப்ட் வர இரண்டு நிமிடம் தாமதமானாலும் அதற்கு 'மூலகாரணம்' கண்டுபிடிப்பார். கண்டுபிடித்து முடிப்பதற்குள் நாங்கள் படியேறி வீட்டுக்குப் போய்விடுவோம்.

அக்காவோ கண்ணாடிக் கடையில் வேலை செய்பவள். முன்னால் நின்று விற்பவள் இல்லை. பின்னறையில் உட்கார்ந்து லென்ஸைத் தேய்த்து ஃபிரேமுக்குள் பொருத்துபவள். அந்த அறைக்கு ஜன்னல் கிடையாது. ஊரில் பாதிப் பேருக்குப் பார்வை சரிசெய்து கொடுத்தவள், பகல் முழுக்க ஒரு சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கடைக்காரர் வேறொரு ஊரில் புதிதாக இன்னொரு கடை திறக்கிறார். மூன்று மாதம் அங்கேயே தங்கி, புது ஆட்களைப் பழக்கி, கடையைக் கையில் எடுத்து நடத்தித் தர முடியுமா என்று அக்காவைக் கேட்டிருந்தார். திங்கட்கிழமை பதில் சொல்ல வேண்டும். அக்கா ஆசைப்பட்டதை வெளியே சொல்லவில்லை. ஆனால் பரணிலிருந்து பெட்டியை இறக்கித் தூசி தட்டி, மறுபடி பரணிலேயே ஏற்றி வைத்தாள். ஆசை இல்லாதவர்கள் பெட்டிக்குத் தூசி தட்டுவதில்லை.

அத்தான் போகாதே என்று சொல்லவில்லை. 'கூடாது' என்ற சொல்லைப் பெரிய மனிதர்கள் பயன்படுத்த மாட்டார்கள். "நான் தடுக்கல. வீடு எப்படி நடக்கும்னு மட்டும் கொஞ்சம் பாக்கணும்" என்றார். அவர் கணக்கில் வீடு என்பது தானாக நடப்பது. அக்கா இல்லாவிட்டால் நொண்டும் என்பது அந்த வாரம்தான் அவருக்கு உறைத்திருந்தது. அதை ஐந்து நாட்களாக விதவிதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்: ஒரு நாள் 'நிர்வாகம்', ஒரு நாள் 'தொடர்ச்சி', ஒரு நாள் 'இடர்'. எதைத் தொட்டுத் தொடங்கினாலும் கடைசியில் மத்தியானச் சாப்பாட்டில்தான் வந்து நின்றார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்கு அங்கேதான் சாப்பாடு. சோற்றுக்குக் கூலியாக அத்தான் பேசுவதைக் கேட்க வேண்டும், நியாயமான ஏற்பாடுதான். அன்றைக்கும் தட்டைக் கழுவி வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். அவர் 'இடர்' என்று ஆரம்பித்தார். அக்கா மேஜையைத் துடைத்துக்கொண்டே இடையில் பேசினாள்.

"என்னங்க, நீங்க ஒண்ணே ஒண்ணு செஞ்சு காட்டுங்க. என்னவா வேணா இருக்கட்டும். ஆரம்பத்துலேருந்து கடைசிவரைக்கும் நீங்களே செய்யணும். அது எங்க இருக்கு, இது எங்க இருக்குன்னு என்னைக் கேக்கக் கூடாது. செஞ்சுட்டீங்கன்னா நான் நிம்மதியாப் போறேன். இல்லைன்னா முடியாதுன்னு கடைக்காரர்கிட்ட சொல்லிடறேன்."

கேட்பதற்குச் சின்ன நிபந்தனைதான். ஆனால் 'அது எங்க இருக்கு' என்பதை எடுத்துவிட்டால் அந்த வீட்டில் அத்தான் பேசும் பேச்சில் பாதி போய்விடும். குளியலறைக்குள் நின்றுகொண்டு சோப்பு எங்கே என்று கேட்பவர் அவர். சோப்பு, சோப்புப் பெட்டியில் இருக்கும்.

அத்தானின் நிலைமை எனக்குப் புரிந்தது. தோற்றால் மூன்று மாதமும் வேளாவேளைக்குச் சூடாகச் சாப்பாடு வரும். ஜெயித்தால் மானம் மட்டும்தான் மிஞ்சும். மானத்தைத் தட்டில் போட்டுச் சாப்பிட முடியாது. வயிறு தோற்கச் சொன்னது. வாய் அதற்குள் ஒப்புக்கொண்டுவிட்டது.

"இது ஒரு பெரிய விஷயமா? சொல்லு, என்ன செய்யணும்?"

என் மகள் பரீட்சை சமயத்தில் கப்புக்குள் மாவைக் கரைத்து மைக்ரோவேவில் வைத்து ஒரு கேக் செய்வாள். ஒரு கப், ஒரு ஸ்பூன், ஒன்றரை நிமிடம், ஓர் ஆளுக்கு ஒரு கேக். அதையே செய்யச் சொன்னேன். அத்தான் முகம் சுருங்கிப்போனது. ஒரு கப்புக்குள் அடங்குவதெல்லாம் தன் தகுதிக்கு ஏற்ற வேலையா என்று கேட்டார். முதலில் இது, அடுத்து விருந்து என்று சமாதானம் செய்தேன். மகளுக்குப் போன் போட்டு, சேர்க்க வேண்டியதைக் கேட்டு அவருக்குச் சொன்னேன். மைதா, சர்க்கரை, கோகோ, துளி பேக்கிங் பவுடர், பால், எண்ணெய்.

அத்தான் உள்ளே போய்ச் சட்டை மாற்றிக்கொண்டு வந்தார். சட்டைப் பையில் பேனா இருந்தது. கேக் செய்யப் பேனா எதற்கு என்று நான் கேட்கவில்லை. வாசற்படியில் நின்று, எந்த வேலையும் சின்ன வேலை இல்லை, அணுகுமுறைதான் சின்னது என்று ஒரு முன்னுரை வழங்கினார். அக்கா சமையலறைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து பேப்பரை விரித்துக்கொண்டாள்.

"மைதாங்கறது தர்க்கப்படி மேல்தட்டுலதான் இருக்கணும்" என்று அத்தான் காற்றிடம் சொன்னார். காற்று பதில் சொல்லவில்லை. அக்காவும் சொல்லவில்லை. டப்பா டப்பாவாகத் திறந்து பார்த்தார். சமையலறையில் வெள்ளையாக இருக்கும் பொடிகள் இத்தனை என்பது அவருக்குச் செய்தியாக இருந்திருக்கும். ஒன்றை முகர்ந்தார், ஒன்றை நக்கிப் பார்த்தார், ஒன்றை நக்கிவிட்டுச் சிங்க்கில் துப்பினார். கடைசியில் என் பக்கம் திரும்பினார்.

"உங்க அக்கா தன்னைக் கேக்கக் கூடாதுன்னுதான் சொன்னா. மச்சானைக் கேக்கறதைப் பத்தி ஒண்ணும் சொல்லலையே."

"அவன் விருந்தாளி" என்று அக்கா பேப்பரைப் புரட்டினாள்.

ஒருவழியாக மைதா கிடைத்தது. அது அவர் முதலில் திறந்த டப்பாவில்தான் இருந்தது. இரண்டாம் சுற்றில்தான் அவருக்கு அடையாளம் தெரிந்தது. மற்றவையும் ஒவ்வொன்றாக அகப்பட்டன. அடுத்தது கப். தட்டில் கவிழ்த்து வைத்த கப்புகள் கண்ணெதிரே இருந்தன. அத்தான் அவற்றைப் பொருட்படுத்தாமல் கூடத்துக்குப் போய், கண்ணாடி அலமாரியைத் திறந்து, பிரிவுபசாரத்தில் கொடுத்த கோப்பையை எடுத்து வந்தார். வெள்ளைப் பீங்கான், விளிம்பு முழுக்கத் தங்கப் பூச்சு. நடுவில் தங்க எழுத்தில் 'தரத்தின் தூண்' என்று போட்டு, கீழே அவர் பதவி. அதற்குள் அதுவரை தூசி தவிர வேறெதுவும் குடிபுகுந்ததில்லை.

மாவும் பாலும் அதில் சேர்ந்தன. கலக்குவதை மட்டும் நன்றாகச் செய்தார். கட்டி இல்லாமல், பொறுமையாக, ஓரத்திலிருந்து நடுவுக்கு. மைக்ரோவேவ் கதவைத் திறந்தபோது நான் கையை நீட்டினேன்.

"அத்தான், அந்தத் தங்க விளிம்பு..."

"தெரியும் மச்சான். அது ஒரிஜினல்."

ஒரிஜினல்தான். அதனால்தான் சரியாக வேலை செய்தது. பொத்தானை அழுத்திய மறுநொடி உள்ளே நீலப் பொறி பறந்தது. விளிம்பைச் சுற்றி ஓடி, தூணைப் பிடித்துப் பதவியில் இறங்கியது. வெல்டிங் கடை வாசலில் நிற்பதுபோல் ஒரு சத்தம். நான் எழுந்து பிளக்கைப் பிடுங்கினேன். கதவைத் திறந்தால் கருகிய வாடை. தங்கம் இருந்த இடமெல்லாம் கரி. மாவு மட்டும் எதுவும் நடக்காததுபோல் பச்சையாக இருந்தது.

அத்தான் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். யாரும் சிரிக்கவில்லை. எனக்கு வந்தது, இருமி அடக்கிக்கொண்டேன்.

"கருவியைச் சரிபார்க்கணும்" என்றார். "இதை அடுத்த வாரம் எடுத்துக்கலாம்."

மீசையில் மண் ஒட்டாமல் விழுவது எப்படி என்று பாடம் நடத்தலாம், அவ்வளவு அழகான வாக்கியம். அவர் தோற்கவும் இல்லை, அக்கா போகவும் போவதில்லை. அடுத்த வாரத்துக்குள் திங்கட்கிழமை வந்து போய்விடும்.

அக்கா எழுந்து வந்தாள். கோபம் இல்லை. பிளக்கை மாட்டி, வெறும் தண்ணீரை ஒரு கண்ணாடி டம்ளரில் வைத்துச் சூடாக்கிப் பார்த்தாள். மெஷினுக்கு ஒன்றும் இல்லை. துணியை நனைத்துப் பிழிந்து உள்ளே துடைக்க ஆரம்பித்தாள்.

"சரிங்க. நாளைக்கு முடியாதுன்னு சொல்லிடறேன்" என்றாள், பால் வேண்டாம் என்று பால்காரரிடம் சொல்வதுபோல.

அவள் ஒரு பாட்டம் திட்டியிருந்தால் அத்தான் தப்பித்திருப்பார். திட்டுக்குப் பதில் சொல்லி, அந்தப் பதிலுக்கு ஒரு தலைப்புப் போட்டு, மாலைவரை பேசியிருப்பார். அவள் துடைத்துக்கொண்டே இருந்தாள். மூலையை, கதவின் உள்பக்கத்தை, சுழலும் தட்டின் அடியை. இனி ஜன்னல் இல்லாத அந்த அறைதான் என்பதில் அவளுக்குச் சந்தேகம் எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை. அத்தான் அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"விடு. நான் துடைக்கறேன்" என்றார்.

துணியை வாங்கித் துடைத்தார். சுமாராகத்தான் துடைத்தார். பிறகு சட்டைப் பையிலிருந்த பேனாவை எடுத்து மேஜைமேல் வைத்துவிட்டு, கவிழ்த்து வைத்திருந்ததிலிருந்து சாதாரண கப் ஒன்றை எடுத்தார்.

இரண்டாவது கேக் பொங்கியது. கப் என்றால் முழுக்க நிரப்ப வேண்டும் என்பது அவர் கொள்கை. கொள்கை கப்பைத் தாண்டி வழிந்து தட்டெல்லாம் பரவியது. அதற்கு அவர் விளக்கம் சொல்லவில்லை. அவர் விளக்கம் சொல்லாத முதல் விபத்து அதுதான் என்று நினைக்கிறேன். மறுபடி துடைத்தார். மூன்றாவது முறை அரைக் கப்போடு நிறுத்தினார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, குனிந்து, கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தார். மாவு மெல்ல எழும்பி, விளிம்புக்குச் சற்றுக் கீழே நின்றது. மெஷின் கூவியது. எடுத்து வைத்தார். வீட்டில் சாக்லேட் வாசம் வந்தது.

அவர் ஸ்பூனை அக்காவிடம் நீட்டினார். அக்கா வாங்கவில்லை.

"நான் நல்லாருக்குன்னு சொன்னா, போறதுக்காகச் சொல்றேன்னு தோணும். இவன் சொன்னா, அக்காவுக்காகச் சொல்றான்னு தோணும். தரம் பாக்கறது உங்க வேலை. நீங்களே சொல்லுங்க."

அவர் இதை எதிர்பார்க்கவில்லை. நானும்தான். இந்த மனிதர் மயிரிழைக் கோடு ஒன்றுக்காக ஒரு லாரி குழாயைத் திருப்பி அனுப்பியதாக நூறு தடவை கேட்டிருக்கிறேன். கேக்கின் மேல்பக்கம் நடுவில் சின்னதாகப் பிளந்திருந்தது. திருப்பி அனுப்ப அது போதும். ஒரே ஒரு வார்த்தைதான். அதைச் சொல்லிவிட்டால் நாளை காலை காபி வாசலுக்கு வரும். அவர் நேர்மையைப் பற்றி யாரும் எதுவும் கேட்க முடியாது.

"விரிசல் இருக்கு" என்றார்.

அக்கா பேப்பரை மடித்தாள். கதை முடிந்தது என்று நினைத்தேன்.

அவர் ஸ்பூனை விரிசலுக்குள் விட்டு அடிவரை இறக்கி எடுத்தார். ஒட்டிய துணுக்கைப் பார்த்தார். வாயில் போட்டு நிதானமாக மென்றார். இன்னொரு ஸ்பூன் எடுத்தார். அவர் முகத்தில் அப்போது பதவி எதுவும் இல்லை. இனிப்புச் சாப்பிடும் ஒரு வயதான ஆள் மட்டும்தான் இருந்தார். அந்த ஆளுக்கு மனைவி ஊருக்குப் போவது பிடிக்கவில்லை என்பதும் அதில் தெரிந்தது.

"மேலாப்பலதான் விரிசல்" என்றார். "உள்ள சரியா வெந்திருக்கு." கப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "பாஸ்."

அக்கா நாற்காலியை மேஜைக்குள் தள்ளிவிட்டு அறைக்குப் போனாள். போனில் அவள் குரல் கேட்டது. நாளைவரை காத்திருக்கவில்லை. "ஆமா சார், வரேன்... இல்ல, வீட்டுல ஒண்ணும் பிரச்சனை இல்ல. அவரே சொல்லிட்டார்."

அத்தான் கப்பைக் காலி செய்தார். எனக்கு ஒரு வாய் கொடுக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை; ஒருவருக்கான கேக்தானே. கடைசித் துணுக்கை வழித்துவிட்டு என் பக்கம் சாய்ந்தார்.

"இதையே தினமும் சாப்பிட முடியாதுல்ல மச்சான்?"

"முடியாது அத்தான். நாளைக்கு முட்டையில ஆரம்பிங்க."

"முழு முட்டையை அப்படியே மைக்ரோவேவ்ல வெச்சிடலாமா?"

"வெடிக்கும் அத்தான்."

அவர் அறைப் பக்கம் ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"நான் இதைக் கேட்டேன்னு உங்க அக்காகிட்ட சொல்லிடாதே. அவ கிளம்பட்டும்."