பிழைக்குப் பக்கத்தில் ஒரு கேள்வி

கந்தப்பளைக்கு மேலே அந்தத் தேயிலைத் தோட்டப் பாடசாலையில் ஆறாம் தரமும் ஒன்பதாம் தரமும் ஒரே மண்டபத்தில்தான். நடுவே ஒரு பலகைத் தட்டி. ஒன்பதுக்குக் கணிதம் எடுக்கும் ஜெயகாந்தனுக்குப் பதினோரு வருட அனுபவம். தட்டிக்கு அந்தப் பக்கம் ஆறுக்குக் கணிதம் எடுக்கும் கிருஷாந்தி வந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை.

அன்று தன் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பரீட்சை வைத்துவிட்டுச் சும்மா நின்ற ஜெயகாந்தன் அந்த வகுப்பை எட்டிப் பார்த்தார். அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்டினால் ஐந்தில் இரண்டு என்று நிலக்ஷி என்ற சிறுமி சொல்லிக்கொண்டிருந்தாள். அவராக இருந்தால் ஒரே கீறலில் பிழை போட்டிருப்பார்.

கிருஷாந்தி அவள் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தார்.

"உங்கிட்ட அரை ரொட்டி இருக்கு. இன்னும் கொஞ்சம் தாறேன். அரையை விடக் கூடுமா, குறையுமா?"

"கூடும் டீச்சர்."

"அப்ப அஞ்சுல ரெண்டு, அரையை விடக் கூடவா?"

நிலக்ஷி கொப்பியில் ஒரு நீளக் கட்டம் வரைந்து ஐந்தாகப் பிரித்து, இரண்டுக்கு நிறம் தீட்டினாள். முகம் சுருங்கியது. "குறைஞ்சு போச்சே டீச்சர்."

"படம் போட்டு நீயே கண்டுபிடிச்ச, அது நல்லது. இப்ப ரெண்டையும் ஒரே அளவு துண்டா வெட்ட முடியுமான்னு பாரு" என்று சொல்லிவிட்டுக் கிருஷாந்தி எழுந்து போய்விட்டார். சற்று நேரத்தில் நிலக்ஷி ஆறில் ஐந்து என்றபோது ஜெயகாந்தனுக்குத் தன் வகுப்பே மறந்துபோயிருந்தது.

இடைவேளையில் கேட்டார். "நாப்பது பிள்ளைங்க டீச்சர். எல்லார் பக்கத்திலயும் இப்படி உட்கார முடியுமா?"

"முடியாது சேர். ஒரு நாளைக்கு அஞ்சாறு பேர்தான். அடுத்த நாள் வேற அஞ்சாறு பேர்."

அன்று பின்னேரம் ஜெயகாந்தன் தன் வகுப்பு மாணவன் துஷாந்தின் பரீட்சைத் தாளை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்து, "முதல் மூன்று வரியும் சரி. நான்காவதைக் கவனமாகச் செய்" என்று எழுதினார். மறுநாள் காலை கொஞ்சம் கூச்சத்தோடு அதைக் கிருஷாந்தியிடம் நீட்டினார்.

கிருஷாந்தி நிதானமாக வாசித்தார். "எதுவரைக்கும் சரின்னு சொல்லியிருக்கீங்க சேர், அவனுக்குத் தெம்பா இருக்கும். நாலாவது வரியில எதைக் கவனிக்கணும்னு அவனுக்குத் தெரியுமா?"

தெரியாதுதான். பதினோரு வருடமாக எத்தனை கொப்பிகளில் 'கவனம்' என்று எழுதியிருக்கிறார். ஆனாலும் அவருக்கு வெட்கமாக இல்லை. உடனே திருத்தி எழுத வேண்டும் என்றுதான் கை பரபரத்தது. இந்தப் பெண் தன்னிடம் பேசியதும் நிலக்ஷியிடம் பேசியது போலத்தான் என்று அப்போதுதான் உறைத்தது. தான் எழுதியதில் இரண்டாவது வாக்கியத்தை வெட்டிவிட்டு, "அடைப்பை நீக்கியபோது இரண்டாவது உறுப்பின் அடையாளம் என்ன ஆனது?" என்று எழுதினார்.

துஷாந்த் அதை இரண்டு தரம் வாசித்தான். பிறகு கழித்தலைக் காட்டும் சய அடையாளத்தைக் கூட்டலைக் காட்டும் சக ஆக்கினான். தாளின் மறுபக்கத்தைத் திருப்பிப் பார்த்தவன், யாரும் கேட்காமலே சொன்னான்:

"சேர், ஏழாவது கணக்குலயும் இதையேதான் செஞ்சிருக்கேன்."