நாலரை அடி பேஸ்மட்டம்

தனசேகரன் பேரம் பேசாமல் வாங்கிய ஒரே பொருள் தபால் தலை. அதற்கும் ஒருமுறை வாயைத் திறந்தார் என்றுதான் ஆரணிப் பட்டு வியாபாரிகள் சொல்வார்கள்.

போன மழையில், தரையில் குழி வெட்டிப் போட்ட அவருடைய குழித்தறி எட்டிலும் தண்ணீர் நிறைந்து, கல்யாணச் சேலைப் பாவு நூல் அத்தனையும் பாழ். தறிக்காரி சின்னபொண்ணு தீர்த்துச் சொல்லிவிட்டாள். "இன்னொரு வாட்டி நனைஞ்சா, எட்டுப் பேரும் செய்யாறு கம்பெனி பஸ்ல ஏறிகினு போய்கினே இருப்போம்."

அதனால்தான் புதுத் தறிக்கூடம். கட்டடம் வரையும் ரீனா படத்தை விரித்தாள்.

"கூரைத் தண்ணி தெற்கு ஜன்னலாண்ட தொட்டிக்குப் போவுதுங்கண்ணா. தொட்டி தோண்டுற மண்ணை அழுத்திச் சுவருக்குக் கல்லாக்கிடலாம். வெயில்ல தொட்டி மேல வர்ற காத்து ஈரமா இருக்கும், பட்டிழை அறுவாது. பேஸ்மட்டம் தெருவுலருந்து நாலரை அடி ஒசரம். குழியெல்லாம் அந்த மேட்டுக்குள்ளயே அடங்கிடும்."

தொட்டி, மண்கல் எல்லாம் சரி. நாலரைதான் தொண்டையில் சிக்கியது.

"நாலரையா? நெய்யறதுக்கா, தேர் ஏறுறதுக்கா? ரெண்டு."

"நாலு."

"ரெண்டே கால். உங்கப்பா இருதயசாமி வாத்தியாரு என் தோஸ்த்துமா."

"அப்பாவுக்காக மூணே முக்கால்."

இரண்டு டீ உள்ளே போனபின் மூன்றில் முடிந்தது. தனசேகரன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

கூடம் எழும்பி, தறிகளும் உள்ளே வந்தபின், ஐப்பசியில் ஒரு விடியலில் தெருவே ஆறாகிவிட்டது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீரில் தறிக்கூடத்துக்கு ஓடினார். தான் வெட்டிய ஒன்றரை அடி ஒவ்வொரு எட்டிலும் நெஞ்சை அழுத்தியது. வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாமே என்று வாழ்க்கையிலேயே முதல்முறையாகத் தோன்றியது.

தறிச் சத்தம் தெருமுனையிலேயே கேட்டது. மேட்டுக்கு ஒரு சாண் கீழே தண்ணீர் நின்றிருந்தது. குழிகள் எட்டும் காய்ந்து கிடந்தன.

"காலைக் கழுவிகினு வாங்க மொதலாளி, பாவுல சேறு தெறிக்கப் போவுது!" என்று சின்னபொண்ணு அதட்டினாள்.

தொட்டியைப் பார்க்க வந்திருந்த ரீனாவிடம் அவர் கையெடுத்துக் கும்பிட்டார். "நல்லவேளை, மூணோட நிறுத்தினேன்மா."

"எனக்கு வேண்டியது ரெண்டே முக்கால்தாங்கண்ணா. மீதி உங்க வாய்க்காகச் சேர்த்தது."

தனசேகரன் தொப்பை குலுங்கச் சிரித்தார். "என்னையே ஏமாத்திட்டியே! அப்போ கால் அடி விட்டுட்டேனா?"

அன்று மதியமே, தண்ணீர் வடிவதற்குள், பக்கத்துப் பட்டுக்கடை அருணகிரி வேடிக்கை பார்க்க வந்தார். "நானும் ஒண்ணு கட்டலாம்னு பார்க்கறேன். பேஸ்மட்டம் எவ்ளோம்மா?"

ரீனா வாயைத் திறக்குமுன் தனசேகரன் அவளுக்குக் கண் காட்டிவிட்டு முந்திக்கொண்டார்.

"அஞ்சடி. ஒரு இஞ்ச் கொறைக்காதுப்பா இந்தப் பொண்ணு. நானே பேசித் தோத்தேன்."