துட்டிக்குப் போன பன்னிரண்டு பேர்

"அவன் உனக்கு அத்தை மகனா, மாமன் மகனா? ஏளா, சொல்லேன். மொறை தெரிஞ்சா நாங்களும் முடிய அவுத்துப் போட்டுட்டு வாரோம்."

"தண்ணி தந்தவன். அந்த மொறை போதும்."

"தண்ணி தந்தவன் வீட்டுக்கெல்லாம் துட்டி கேக்கப் போனா, மொதல்ல முனிசிபாலிட்டிக்குல்லா போணும்."

பெண்கள் சிரித்தார்கள். கேலி பேசிய செல்லக்கிளிக்கு அது போதும். தங்கத்தாய் மட்டும் சிரிக்காமல் கோணி ஊசியை மூட்டையில் குத்திவிட்டு எழுந்தாள்.

"எம் வீட்டுக்காரர் பழைய ஹார்பர்ல விழுந்து செத்தப்போ கம்பெனிலருந்து ஒரு காக்கா எட்டிப் பாக்கல. அது எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும். நீ ஒம்போது நாளா குடிச்ச தண்ணி உன் ஒடம்புல ஒட்டலன்னா இங்கனயே இரு."

புது ஹார்பர் திறந்த வருஷம் அது. இத்தாலிக் கப்பலில் வந்த யூரியாவை மூட்டை பிடித்து, வாயைத் தைக்கிற வேலை பன்னிரண்டு பெண்களுக்கு. உரத்தூள் தொண்டையில் இறங்கி எரியும். குடிதண்ணீருக்கு கேட் வரை முக்கால் மைல் நடக்க வேண்டும். நடந்தால் மேஸ்திரி வன்னியபெருமாள் அரை நாள் கூலியை வெட்டிவிடுவார். கப்பலின் சமையல்காரன் இதை மேலிருந்து பார்த்திருக்கிறான். ஒரு மத்தியானம் கயிற்றில் ஒரு நீல வாளி இறங்கியது, நிறையத் தண்ணீரோடு. பிறகு தினமும் இறங்கியது.

பத்தாம் நாள் இறங்கவில்லை. காரணம் சொன்னவன் மூட்டை எண்ணும் கிளார்க் எஸ்றா.

"அவன் ஊர்ல ரயில்ல எவனோ குண்டு வச்சிட்டான். இவன் மக அதுல போயிட்டா. ஏஜெண்ட் ஆபீசுக்குத் தந்தி வந்திருக்கு. கப்பல் ஊர் போய்ச் சேர ஒரு மாசம் ஆகும். அதுக்குள்ள அங்கன எல்லாம் முடிஞ்சிரும்."

"வச்சவனுக்கும் அந்தப் புள்ளைக்கும் என்ன பகை?" என்று தங்கத்தாய் கேட்டாள்.

"பகையா? அவ யாருன்னே அவனுக்குத் தெரியாது."

சொல்லிவிட்டு எஸ்றா சாப்பிடப் போய்விட்டான். துக்கம் கேட்கப் போவதா வேண்டாமா என்று இங்கே சண்டை ஆரம்பித்தது.

கடைசியில் பன்னிரண்டு பேரும்தான் போனார்கள். செல்லக்கிளி போனது வேடிக்கை பார்க்க. வெள்ளைக்காரன் எப்படி அழுவான் என்று அவள் பார்த்ததில்லை; தெருவில் வேறு எவளும் பார்த்ததில்லை.

கப்பல் ஏணிக்குக் கீழே, முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்கள். மேலே நின்ற சமையல்காரன் கொஞ்ச நேரம் புரியாமல் பார்த்தான். பிறகு இறங்கி வந்தான். சட்டைப் பையிலிருந்து ஒரு போட்டோவை எடுத்து நீட்டினான். மகளுக்கு இருபது வயதிருக்கும், முன்பல் ஒன்று கொஞ்சம் தெற்றி.

தங்கத்தாய் போட்டோவைக் கையில் வாங்கி, "என்னப் பெத்த தாயே" என்று நெஞ்சில் அடித்தாள். ஒப்பாரியை மற்றவர்கள் எடுத்துக்கொண்டார்கள். அவன் கயிறு கட்டும் இரும்புக் கட்டையில் உட்கார்ந்து அழுதான். செல்லக்கிளி பார்த்துவிட்டாள்: வெள்ளைக்காரனுக்கு முதலில் மூக்குதான் சிவக்கிறது. சாயங்காலம் இதை எந்த வீட்டில் முதலில் சொல்வது என்று யோசித்தவள், தன் முந்தானையும் நனைந்திருப்பதைக் கவனித்தாள்.

கால் மணி நேரம்தான். தங்கத்தாய் போட்டோவை அவன் மடியில் வைத்துவிட்டு எழுந்தாள். துட்டி வீட்டில் யாரும் போய்வருகிறேன் என்று சொல்வதில்லை, திரும்பிப் பார்ப்பதுமில்லை. எழுந்தோமா, நடந்தோமா என்று பன்னிரண்டு பேரும் முதுகைக் காட்டி நடந்தார்கள்.

அவனுக்கு அது தெரியுமா? எழுந்து பின்னால் ஓடி வந்தான். கையை விரித்து ஏதோ சத்தமாகக் கேட்டான். ஒருத்தியும் திரும்பவில்லை. அவன் இன்னும் உரக்கக் கேட்டான்.

அந்தச் சத்தம்தான் வன்னியபெருமாள் காதில் விழுந்தது.

"கப்பல்காரன் தொரத்திட்டு வாரான். என்னளா களவாண்டீங்க?"

"துட்டிக்குப் போனோம், மேஸ்திரி" என்றாள் தங்கத்தாய்.

"வெள்ளைக்காரனுக்குத் துட்டியா? அவன் கம்ப்ளெயிண்ட் எழுதிக் குடுத்தா காண்ட்ராக்டே போயிரும். யாரு கூட்டிட்டுப் போனது? சொல்லல, பன்னெண்டு பேரு கேட் பாஸையும் கிழிச்சிருவேன்."

எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். செல்லக்கிளியின் வாய் மூடிக் கிடந்து யாரும் பார்த்ததில்லை.

"தங்கத்தாய்தான் வாங்க வாங்கன்னா" என்றாள்.

மேஸ்திரி தங்கத்தாயின் பாஸ் அட்டையை வாங்கி நாலாகக் கிழித்தார். தங்கத்தாய் செல்லக்கிளியைப் பார்க்கவில்லை. மூட்டையில் குத்தியிருந்த தன் ஊசியை உருவி, முந்தானையில் செருகிக்கொண்டு, கேட்டைப் பார்த்து நடந்தாள்.

சாப்பிட்டுவிட்டு வந்த எஸ்றா சமையல்காரனிடம் விசாரித்தான். "கோவிச்சுக்கிட்டுப் போறீங்களா, நான் எதும் தப்பு செஞ்சிட்டேனான்னுதான் கேட்டானாம், மேஸ்திரி."

"சரிதான். கிழிச்சத ஒட்டவா முடியும்?"

மறுநாள் வாளி இறங்கியது, தண்ணீரும் மேலே நாலு ரொட்டியுமாக. கயிற்றைப் பிடித்தபடி அவன் குனிந்து கீழே முகம் முகமாகத் தேடினான். பதினோரு பேரும் மூட்டை தைத்துக்கொண்டிருந்தார்கள்.

கப்பல் புறப்பட்ட அன்று சமையல்காரன் வாளியைக் கயிற்றிலிருந்து அவிழ்த்து எஸ்றாவிடம் கொடுத்தான். "மொதல்ல அழுத அம்மாகிட்ட குடுக்கச் சொல்லுதான்" என்றான் எஸ்றா. "நான் குடுத்துருதேன்" என்று வன்னியபெருமாள் வாங்கிக்கொண்டார்.

தங்கத்தாய் அந்த மாதமே பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வேம்பார் உப்பளத்துக்குப் போய்விட்டாள். எஸ்றா சாத்தான்குளத்து டீச்சர் ஒருத்தியைக் கட்டி மெட்ராஸ் பக்கம் போனான். செல்லக்கிளி நாலு வருஷம் கழித்து மகளை மேஸ்திரி தெருவிலேயே கட்டிக்கொடுத்தாள். கிணறு உள்ள வீடு, நல்ல இடம். பேரனைப் பார்க்கப் போகும்போதெல்லாம் மேஸ்திரி வீட்டுத் தொழுவத்தைத் தாண்டித்தான் போக வேண்டும். எருமைக்கு அங்கே தண்ணீர் காட்டுவது ஒரு நீல வாளியில்.