மேகோங் கரைக்காரி

சுவிஸ் நகரமான ஷாஃப்ஹவுசனில் ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறையில் தவச்செல்வனும் வன்பென் என்பவளும் பல வருடம் அருகருகே நின்று வேலை செய்தவர்கள். அவர் யாழ்ப்பாணத்தார்; மனைவி பிரிந்து கனடா போனபின் தனியாள். அவள் தாய்லாந்துக்காரி, சுவிஸ் கணவனை நோய்க்குப் பறிகொடுத்தவள். கதைப்பதெல்லாம் அரைகுறை டொச்சில், அதாவது ஜெர்மனில்தான். ஆனாலும் அவள் பேச்சு அவர் காதில் ஊர்த் தமிழாகவே விழும்.

தாய்லாந்து என்றால் பாங்கொக்கும் கடற்கரையும்தான் என்று அவர் நினைத்திருந்தார். அவள் சிரித்தாள்.

"எங்கட பக்கம் கடலே இல்லை. வடகிழக்கு மேட்டுநிலம். கோடையில மண் வெடிச்சுக் கிடக்கும். மழை வந்தால் மேகோங் கரைபுரளும். அக்கரை லாவோஸ்."

"அங்கை ஆர் இருக்கினம்?"

"எங்கட சனம்தான். இருநூறு வருசத்துக்கு முந்தி சியாம் எண்ட பழைய தாய்லாந்தின்ர படை அக்கரை லாவோ நகரத்தை எரிச்சு, சனத்தை ஆறு கடத்தி இக்கரையில குடியேத்தினது. எங்கட நாட்டை வெள்ளைக்காரன் ஆளேல்லை எண்டு பள்ளிக்கூடத்தில பெருமையாச் சொல்லித் தந்தவை. எரிச்ச கதையை அம்மாதான் சொன்னவ. வீட்டில இப்பவும் லாவோதான் கதைக்கிறம்."

உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்த அவர் கை அப்படியே நின்றுவிட்டது. இடம்பெயர்ந்த சனத்தின் கதையை அவருக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. அதன் பிறகு, அவள் வராத நாளில் வேலைக்குப் போகவே அவருக்குக் கால் எழவில்லை.

கார்த்திகையில் ஒருநாள் அவள் சொன்னாள்: "ஊரில அக்கா தனிய இருக்கிறா. மார்கழியில போறன். திரும்பி வரமாட்டன்."

போகுமுன் பௌர்ணமியன்று ஆற்றில் விளக்கு மிதக்கவிட ஆசைப்பட்டாள். அவள் நாட்டு வழக்கம் அது. அந்த வருடம் நமது கார்த்திகை விளக்கீடும் அதே நாளில் வந்தது. ஓர்லிகோன் தமிழ்க்கடையில் அவர் வாழையிலை வாங்கிவந்தார். பாண் ரொட்டித் துண்டின்மேல் இலையை மடித்துச் சுற்றி, பூவும் மெழுகுதிரியும் வைத்து, பொழுதுபடும் நேரம் ரைன் ஆற்றில் விட்டார்கள். நீரை அழுக்காக்கியதற்கு அவள் ஆற்றிடம் மன்னிப்புக் கேட்டாள்.

"போகாதேங்கோ" என்றார் அவர், தமிழில்.

"என்ன சொன்னீங்கள்?"

"குளிருது எண்டன்."

அவள் அவரையே பார்த்தாள். கழுத்துச் சால்வையைக் கழற்றி அவரிடம் நீட்டினாள்.

தைமாதம் போனில் முகம் பார்த்துக் கதைத்தார்கள். அவள் கமராவைத் திருப்பித் திருப்பிக் காட்டினாள்: மண்நிறத்தில் மேகோங், காவியுடைப் பிக்குகள், அக்கரையில் லாவோஸ்.

"ஆறு பாத்தது போதும்" என்றார் அவர், இம்முறை டொச்சில். "உங்கட முகத்தைக் காட்டுங்கோ."

காட்டினாள். வெயிலில் கறுத்திருந்தாள். கண் கலங்கியிருந்தது.

"உங்களுக்கு லீவு எப்ப?"

"மாசியிலை வாறன்" என்றார் தவச்செல்வன். லீவுக்கு அவர் இன்னும் யாரிடமும் கேட்கவில்லை.