கம்பை விடு

பாப்பம்மாவுக்கு வலிப்பு வருவதற்கு முன் கருகிய புளியங்கொட்டை நாற்றம் அடிக்கும். வேறு யார் மூக்குக்கும் அது எட்டாது. நாலு மூச்சு விடும் நேரம்தான். அப்புறம் நின்றது நின்றபடி விழுவாள். போன மாசம் கல் பொறுக்கும் கொட்டகையில் தண்டவாளத்தின் மேலேயே விழுந்தாள். கல் வண்டி ஒரு முழம் தள்ளி நின்றது. சுற்றி இருந்தவர்கள் அவள் கையில் இரும்புச் சாவியைக் கொடுத்தார்கள். அதற்கும் வலிப்பு நிற்கவில்லை என்று வாயில் திணித்தார்கள். முன்பல் ஒன்று போனது.

மேஸ்திரி ராஜப்பா பல்லைப் பற்றிக் கேட்கவில்லை. “இன்னொரு வாட்டி விழுந்தே, வேலைச் சீட்ட கிழிச்சிடுவேன். தொரைக்கு நான் பதில் சொல்ல முடியாது,” என்றான்.

அவளுக்குப் புருஷன் இல்லை. வேலை போனால் கம்பெனி கொடுத்த லைன் வீடும் போகும்.

தங்கவயலுக்கு மின்சாரம் வந்த மறு வருஷம் அது. சுரங்கம் சரியாமல் மரம் முட்டுக் கொடுக்கும் கோவிந்தன், ஷிப்ட் முடிந்து வந்து மண்மேட்டடியில் சிலம்பம் சொல்லிக்கொடுத்தான். பாப்பம்மா அங்கே போய் நின்றாள்.

“இன்னாமே, யார அடிக்கணும்?”

“யாரையும் இல்ல வாத்தியாரே. காலுக்கு அடி வந்தா உன் ஆளுங்க சடார்னு உக்காந்துடுறாங்க இல்ல? எனக்கும் ஒண்ணு வருது. வர்றது தெரியுது. உக்காரத்தான் தெரியல.”

மற்றவர்கள் சிரித்தார்கள். கோவிந்தன் சிரிக்கவில்லை. மரியகுழந்தையைக் கூப்பிட்டு அவள் எதிரில் நிறுத்தினான். தங்கம் பிரிக்கும் மில்லில் பாதரசம் பிசைந்து பிசைந்து கை நடுக்கம் கண்டவன் அவன். அவனிடம் கம்பைக் கொடுத்தால் அடி எப்போது இறங்கும் என்று அவனுக்கே தெரியாது.

“உனக்கு வர்றதும் அப்பிடித்தானே? இவன்தான் சரி,” என்றான் கோவிந்தன்.

பத்து நாள் அடி வாங்கினாள். பிறகு பாதி அடிக்குத் தப்பினாள். ஆனால் கோவிந்தன் ஒரு தப்பு செய்தான். ஆட்டத்தில் கம்பை நழுவவிட்டவன் தோற்றவன். அந்தப் பழக்கத்தில் இவளுக்கும் பிடியை இறுக்கச் சொல்லிக்கொடுத்தான். ஒரு நாள் அங்கேயே நாற்றம் வந்தது. பாப்பம்மா உட்கார்ந்துவிட்டாள். விரல்கள் மட்டும் கம்போடு பூட்டிக்கொண்டன. வலிப்பு வெட்டிய வெட்டில் அவள் கம்பே அவள் நெற்றியைப் பிளந்தது.

மறுநாள் கட்டோடு வந்தவளிடம், “கம்ப விட்டுடு,” என்றான்.

“விட்டா தோத்ததுன்னு சொன்னியே?”

“அது ஆட்டத்துல. இது ஆட்டம் இல்ல. மொதல்ல விடு. அப்பால உக்காரு. அப்பால ஒருக்களிச்சிப் படு.”

“விடுறது எனக்கு நல்லா வரும் வாத்தியாரே,” என்றான் மரியகுழந்தை. “காலையிலேருந்து மூணு வாட்டி விட்டுட்டேன்.”

ஒரு மாசம் அதே பாடம். விடு, உட்கார், படு. சோறாக்கும்போதுகூட அகப்பையை விட்டுப் பார்த்தாள்.

ஐப்பசி மழை பிடித்த ஒரு நாள், கொட்டகையில் கல் உடைத்துக்கொண்டிருந்தபோது புளியங்கொட்டை நாற்றம் வந்தது. பாப்பம்மா சுத்தியலை விட்டாள். தண்டவாளத்தை விட்டு விலகி உட்கார்ந்தாள். ஒருக்களித்துப் படுத்தாள். அதற்கப்புறம் நடந்தது அவளுக்குத் தெரியாது.

கண் விழித்தபோது மிச்சப் பல்லெல்லாம் இருந்தது. ராஜப்பா அவள் தலைமாட்டில் நின்றிருந்தான்.

“விழுந்துட்டா இல்ல?” என்றான் மற்ற பெண்களைப் பார்த்து.

பக்கத்தில் வேலை செய்யும் தாயம்மா கால் கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். “எங்க விழுந்தா? உக்காந்தா, படுத்தா. சுத்தியல்தான் விழுந்துச்சி, என் கால்ல.”

ராஜப்பா தண்டவாளத்தைப் பார்த்தான். அவள் கிடந்த இடத்தைப் பார்த்தான். இடையில் வண்டியே திரும்பும் அளவுக்கு இடம் இருந்தது.

“நாளையிலேருந்து அந்தாண்ட மூலையில உக்கார்,” என்று சொல்லிவிட்டுப் போனான். சீட்டைப் பற்றிப் பேசவில்லை.

சாயங்காலம் கோவிந்தன் கேட்டான். “எந்தப் பக்கம் விட்ட?”

“தாயம்மா பக்கம். வெரல் வீங்கிடிச்சி.”

“அப்ப இன்னிக்கி அதான் பாடம். ஆள் இல்லாத பக்கமா விடு.”

மரியகுழந்தை நாலடி பின்னால் போய் நின்றுகொண்டு கம்பை ஓங்கினான்.